எடை டீச்சரும் ஹெல்மெட் என்கிற ஆமையும்

எங்கள் மழலையர் பள்ளியில் எடை டீச்சர் என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் வாசல் காவலாளியே ஒரு நிமிடம் விழிப்பார். அந்தப் பட்டத்தைச் சூட்டியவன் நான். பள்ளியின் வேன் ஓட்டுநர். பதினான்கு பிள்ளைகளைக் காலையில் அள்ளிக்கொண்டு வந்து, மதியம் அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிடுவது என் வேலை. நடுவில் பல்பு மாட்டுவதும் குழாய் இறுக்குவதும், "சும்மாதானே இருக்கீங்க" என்ற ஒரே காரணத்துக்காக என் தலையில் வந்து விழும்.

டீச்சர் ஆவதற்கு முன் அவர் பதினோரு வருடம் ஓர் எடைமேடையில் இருந்தவர். லாரியை அப்படியே மேடையில் ஏற்றி நிறுத்தி, சரக்கோடு ஒரு எடை, காலியாக ஒரு எடை என்று சீட்டு எழுதிக் கொடுக்கும் இடம். ஓட்டுநர்கள் அங்கே செய்யாத தில்லுமுல்லு கிடையாது. வரும்போது தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு வருவார்கள், போகும்போது திறந்துவிடுவார்கள். இருக்கைக்கு அடியில் கல் வைப்பார்கள். ஒரு சக்கரத்தை மட்டும் மேடைக்கு வெளியே அரை அடி தள்ளி நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, உட்கார்ந்திருக்கும் அறையின் கண்ணாடியைப் பென்சிலால் தட்டி, "பின்னாடி எடுங்க, திரும்ப ஏத்துங்க" என்பாராம். நானும் ஓட்டுநர் சாதிதான், அதனால் சொல்கிறேன். எங்களைப் பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

மேடைக்குக் கேமராவும் கம்ப்யூட்டரும் வந்தன, கண்ணாடி அறைக்கு ஆள் தேவைப்படவில்லை. நாற்பத்து மூன்று வயதில் ஒரு பயிற்சி முடித்து, ஐந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்புக்கு வந்து சேர்ந்தார். முதல் நாளே என்னிடம், "லாரிக்காரங்களையே சமாளிச்சாச்சு தம்பி. இந்த வாண்டுங்க எம்மாத்திரம்?" என்றார். நானும் ஆமாம் போட்டேன்.

ஒரு தையல் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் அவரும் அவருடைய அக்காவும் இருந்தார்கள். அடுப்பு மேடையில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு தராசு. வெண்டைக்காய் வாங்கி வந்தாலும் அதில் ஒரு முறை ஏறி இறங்கித்தான் குழம்புக்குப் போக வேண்டும். ஒருநாள் ஏதோ கொடுக்கப் போயிருந்தபோது அந்த அக்கா என்னிடம், "மாப்பிள்ளை பார்த்தப்பவும் இவ எடை போட்டுத்தான் வேண்டாம்னுட்டா" என்றார். டீச்சர் கோபப்படவில்லை. "குறைச்சலாத்தான் இருந்தார்" என்றார், அவ்வளவுதான்.

ஆமை வருவதற்கு முன், இதே பிள்ளைகள் நாலு வயது வகுப்பில் இருந்தபோது, அங்கே ஒரு முயல் இருந்தது. இவர் வந்து சேர்வதற்கும் முந்தைய கதை அது. ஆனால் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. முயல் ஒருநாள் தீனியைத் தொடவில்லை. பெரிய டீச்சர், அதாவது தலைமை ஆசிரியை, "தானா சரியாயிடும்" என்றார். எனக்கும் கால்நடை டாக்டர் வீடு வரை போய்வரச் சோம்பல். நான்காம் நாள் அட்டைப் பெட்டியில் வைத்து வேனில் எடுத்துப்போனேன். பாதி வழியில் பெட்டிக்குள் சத்தம் நின்றது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அங்கே கூட்டிப் பெருக்குகிறவரிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

"பிள்ளைங்ககிட்ட செத்துப்போச்சுன்னு சொல்லித் தொலைச்சுடாதீங்க" என்றார் பெரிய டீச்சர். நானும் நல்ல பிள்ளையாக, "முயல் டாக்டர் வீட்டுலயே இருக்கு. அங்க பெரிய தோட்டம். ஜம்முனு இருக்கு" என்று ஒரு பிட்டைப் போட்டேன். பிள்ளைகள் நம்பிவிட்டார்கள். யாரும் அழவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எடை டீச்சர் வந்த வருடம், வெளிநாட்டுக்குக் குடிபோன ஒரு குடும்பம் தங்கள் ஆமையை முறையான அனுமதிக் காகிதங்களோடு பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போனது. தரையில் வாழும் வகை. இரண்டு கை சேர்த்துப் பிடித்தால் நிறையும். பிள்ளைகள் ஒரு நாள் முழுக்க அதை உற்றுப் பார்த்துவிட்டு ஹெல்மெட் என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. மற்ற வாகன ஓட்டிகளைவிட அது ஒழுங்காக அணிந்திருந்தது.

ஆமையைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் வேலை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது தன் வேலை என்று டீச்சர் பிரித்துக்கொண்டார். தினமும் காலையில் நான்கு பேர் பெட்டியைச் சுற்றி உட்கார வேண்டும். "மூக்கு?" என்பார் டீச்சர். "காய்ஞ்சிருக்கு!" "கண்ணு?" "தொறந்திருக்கு!" "ஓடு?" ஒரு விரலால் மெல்லத் தட்டிப் பார்த்து, "கெட்டி!" என்பார்கள். வாரத்துக்கு இரண்டு முறை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் உட்காரவைக்க வேண்டும். தண்ணீர் முழங்கைக்கு இதமாக இருக்க வேண்டும், ஆமையின் கழுத்துக்கு மேல் ஏறக் கூடாது. ஒரு கையால் தூக்கக் கூடாது. எக்காரணம் கொண்டும் மல்லாக்கக் கூடாது. தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நான் ஒருநாள் சும்மா எட்டிப் பார்த்ததற்கே என்னையும் கழுவ வைத்தார்.

இது எல்லாவற்றுக்கும் மேலே திங்கட்கிழமை எடை. ஒரு சமையலறைத் தராசு, சுவரில் ஒரு பெரிய தாள். இரண்டு பிள்ளைகள் ஆமையைச் சுமந்து வந்து தட்டில் வைப்பார்கள், டீச்சர் எண்ணை வாசித்துத் தாளில் புள்ளி வைப்பார். போன வாரத்தைவிடக் கூடினால் கை தட்டுவார். அவர் தட்டினால் வகுப்பே தட்டும். அந்தச் சத்தம் வேன் நிற்கும் இடம் வரை கேட்கும். வந்தபோது ஆயிரத்து அறுநூற்று இருபது கிராம் இருந்த ஹெல்மெட், ஒரு திங்கட்கிழமை ஆயிரத்து ஐநூற்று எண்பத்தெட்டுக்கு இறங்கியது. அன்று கைதட்டல் இல்லை. "அடுத்த வாரமும் குறைஞ்சா டாக்டர்கிட்டதான் போகணும்" என்று டீச்சர் சொன்னார்.

அடுத்த வாரம் குறையவில்லை. ஆயிரத்து அறுநூற்று இரண்டு. அதற்கடுத்து ஆயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. பிறகு ஐந்து கிராம் குறைந்து, மறுபடி ஏறி, ஆயிரத்து அறுநூற்று இருபத்து நாலு. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தீங்களா தம்பி, பிள்ளைங்க கவனிப்பு" என்று என்னிடம் பீற்றிக்கொண்டார்.

அந்த வாரங்களில் வேனிலும் ஒரு மாற்றம் இருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னலோரம் உட்காரும் பட்டாணி, அந்த வகுப்பிலேயே சிறிய உருப்படி, ஏறியதும் இடது காதைக் கையால் பொத்திக்கொள்வான். என் ஹாரன் சத்தம் பயலுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவன் இருக்கும் வரை ஹாரனைக் குறைத்துக்கொண்டேன். அதிலும் என்னை நானே மெச்சிக்கொண்டேன். எனக்கு அந்தப் பழக்கம் அதிகம்.

ஒரு சனிக்கிழமை. பள்ளி விடுமுறை. ஆமைக்குத் தீனி வைக்க டீச்சர் வந்திருந்தார். தராசுக்குப் புது பேட்டரி வாங்கிவரச் சொல்லியிருந்தார், கொண்டுபோய்க் கொடுத்தேன். மாட்டிவிட்டு, வேலை செய்கிறதா என்று பார்க்க ஹெல்மெட்டைத் தூக்கித் தட்டில் வைத்தார். ஆயிரத்து நானூற்று எண்பத்தாறு.

"தராசு கெட்டுப்போச்சு போல" என்றேன்.

டீச்சர் சமையலறைக்குப் போய், பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து வந்து வைத்தார். ஆயிரத்து நாலு. உறை நாலு கிராம். மறுபடி ஆமையை வைத்தார். மறுபடி அதே எண். பழைய எடைமேடைக்காரியின் முகம் வந்துவிட்டது.

"தராசு சரியா இருக்கு தம்பி. சரக்குலதான் ஏதோ இருக்கு. திங்கக்கிழமை நீங்களும் இங்க இருங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றார்.

திங்கட்கிழமை நான் கதவோரம் ஒரு திருப்புளியை வைத்துக்கொண்டு கீலை முறுக்குவதுபோல் நின்றேன். டீச்சர் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தாளில் கோடு போடுவதுபோல் நின்றார். ஆனால் அவர் பார்த்தது தாளுக்குப் பக்கத்தில் இருந்த ஜன்னல் கண்ணாடியை. நான்கு பேரும் பெட்டியருகே குந்தினார்கள். தலைவி, எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் கேள்வி என்றே நான் கூப்பிடும் பெண். அவள் பாவாடைப் பையிலிருந்து விளையாட்டுக் களிமண் உருண்டை ஒன்றை எடுத்தாள். அதுவும் பார்த்துப் பார்த்து எடுத்த பழுப்பு நிறம். உள்ளங்கைகளுக்கு நடுவே சூடு பறக்கத் தேய்த்தாள். பட்டாணியும் இன்னொருவனும் ஹெல்மெட்டை இரண்டு கைகளால் முறைப்படி உயரத் தூக்கினார்கள். இவள் கீழே படுத்து, ஆமையின் அடியோட்டில் இருக்கும் குழிவில் களிமண்ணை அப்பினாள். ஆண் ஆமைக்கு அந்த இடம் சற்றுக் குழிந்திருக்குமாம். மல்லாக்கக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார் அல்லவா, மல்லாக்கவில்லை. மோசடியிலும் விதியை மீறவில்லை.

பதினோரு வருடம் லாரிக்காரர்களால் முடியாததை ஐந்து வயதுக் கூட்டம் ஒன்று நான்கு வாரம் செய்து காட்டியிருந்தது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

தட்டில் வைத்தார்கள். ஆயிரத்து அறுநூற்று நாலு. போன வாரத்தைவிட இருபது குறைவு என்று தெரியாமல், கை தட்டுவதற்காகப் பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். அவர் ஆமையைத் தூக்கி, அடியிலிருந்து களிமண்ணை உரித்துத் தனியாகத் தட்டில் வைத்தார். நூற்று இருபத்திரண்டு கிராம்.

"இதை எப்பவும் ஒட்டியே வச்சிருப்பீங்களா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"இல்ல டீச்சர். எடை போட்டதும் எடுத்துடுவோம்" என்றான் பட்டாணி. "கனமா இருக்கும்ல, பாவம்."

"எதுக்கு இப்படிச் செஞ்சீங்க?"

கேள்வி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "குறைஞ்சா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவீங்க. டாக்டர்கிட்ட போனா திரும்பி வராது."

"யார் சொன்னது?"

"வேன் மாமாதான். முயலைக் கூட்டிட்டுப் போனாங்க. அங்கேயே இருக்குன்னு சொன்னாங்க. அங்கேயே இருந்தா வரலைன்னுதானே அர்த்தம்?"

என் முகத்தில் ஈயாடவில்லை. திருப்புளியைச் சட்டைப் பையில் போட்டேன், மறுபடி எடுத்தேன்.

டீச்சர் அப்போதுதான் ஹெல்மெட்டைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒரு கீரைத் தண்டை நீட்டினார். அது கழுத்தை நீட்டியது, வாயைத் திறந்தது, கவ்வியது, தண்டு நழுவி விழுந்தது. மேல் அலகு கொக்கிபோல் வளர்ந்து கீழ் அலகை மூடிக்கொண்டிருந்தது. கடிக்கவே முடியவில்லை. எத்தனை நாள் பட்டினி என்று யாருக்குத் தெரியும்? மூக்கு, கண், ஓடு என்று சொல்லிக் கொடுத்தவர் வாயை விட்டுவிட்டார். ஆமை பிள்ளைகளின் விரலைக் கடித்துவிடுமோ என்ற பயம். அலகு தேயக் கடிக்கட்டும் என்று பெட்டியில் போட்டிருந்த கணவாய் மீனின் ஓட்டையும் காணோம். பிள்ளைகளைக் கேட்டால், அது சாக்பீஸ் மாதிரி தரையில் நன்றாக எழுதுகிறதாம். ஒரு மாதமாக வகுப்புத் தரையில் இருந்த கப்பல், வீடு, விமானம் எல்லாம் அதில் வரைந்தவை. டீச்சரே "அழகா இருக்கு" என்று பாராட்டியவை.

"இன்னைக்கே கூட்டிட்டுப் போகணும்" என்றார் டீச்சர்.

பட்டாணி பெட்டியின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டான். மற்ற மூவரும் சுற்றி நின்றுகொண்டார்கள். வகுப்பே அழத் தொடங்கியது. டீச்சர் என்னைப் பார்த்தார்.

"நீங்க கட்டின கதை. நீங்களே அவுத்து விடுங்க, தம்பி."

பெரிய டீச்சர் அறைக் கதவு திறந்திருந்தது. எனக்கு வேலை போகும் என்ற பயம்கூட அந்த நேரம் இல்லை. பதினான்கு பிள்ளைகள் தினமும் நம்பி ஏறும் வண்டியை ஓட்டுகிறவன் நான். நான் சொன்னது பொய் என்று தெரிந்தால் நாளைக்கு எந்த முகத்தோடு கதவைத் திறப்பது என்ற பயம்தான். தரையில், கப்பலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"முயல் டாக்டர் வீட்டுல இல்ல. அது செத்துப்போச்சு. மாமா பொய் சொல்லிட்டேன்."

அழுகை நின்றது. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

"டாக்டர்தான் சாகடிச்சாரா?" கேள்விதான் கேட்டாள்.

"இல்ல. அவர்கிட்ட போறதுக்குள்ள, வேன்லயே செத்துப்போச்சு."

"ஏன்?"

"நாங்க லேட்டாக் கூட்டிட்டுப் போனோம். நாலு நாள் சாப்பிடாம இருந்துச்சு. சரியாயிடும்னு விட்டுட்டோம்."

"முதல் நாளே போயிருந்தா?"

"பிழைச்சிருக்கலாம்."

"இப்ப முயல் எங்க இருக்கு?"

"தெரியல. ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டு வந்துட்டேன். கேக்கல."

அவள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. பிறகு திரும்பி, பட்டாணியின் முதுகைத் தட்டினாள். "எழுந்திரு. நேரமாகுது. லேட்டாப் போனாத்தான் செத்துப்போகும்."

அவன் எழுந்தான். நான்கு பேருமாகப் பெட்டியை வேன் வரை தூக்கி வந்தார்கள். அவ்வளவுதான் விஷயம். என் பொய் அவர்களை அழாமல் காப்பாற்றியது உண்மை. எதைத் தெரிந்துகொண்டால் அடுத்த உயிரைக் காப்பாற்றலாமோ, அந்த ஒன்றையும் சேர்த்து மறைத்துவிட்டது.

வண்டியில் டீச்சர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பாதி வழி வந்தோம். பிறகு சொன்னார். "லாரிக்காரன் ஏமாத்தினா அவன் லாபத்துக்கு ஏமாத்துவான். இதுங்களுக்கு என்ன லாபம்? நான் ஆமையைப் பார்த்துக் கை தட்டல தம்பி, எண்ணைப் பார்த்துக் கை தட்டினேன். அதான் எண்ணை மட்டும் ஏத்திக் கொடுத்துட்டாங்க." அவர் கண் கலங்கியிருந்தது. நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

டாக்டர் அலகைச் சிறு அரத்தால் ராவிக் குறைத்தார். உடம்பு ரொம்ப வற்றியிருக்கிறது, குழாய் வழியாக உணவு கொடுக்க வேண்டும், இங்கேயே இருக்கட்டும் என்றார். ஒன்பது நாள் இருந்தது. தினமும் வேனில் ஏறியதும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி ஹெல்மெட்தான். நான் காலையிலேயே டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். நான்காம் நாள் அவர், "என்னால ஆனதைச் செய்யறேன், உறுதி சொல்ல முடியாது" என்றார். பழைய வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு அதை அப்படியே சொன்னேன். பள்ளி வரும் வரை வண்டிக்குள் ஒரு சத்தம் இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு அமைதியாக அந்த வேனை ஓட்டியதில்லை. பிடிக்கவும் இல்லை.

டீச்சர் அந்த நாட்களில் சுவர்த் தாளைக் கிழித்துவிட்டார். தரையில் இருந்த கப்பலை அழிக்கவில்லை. பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகளிடம் சாவைப் பற்றிப் பேசியதற்காக உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். எடை டீச்சர் குறுக்கே வந்து, "அந்தப் பொய்க்கு எடை என்னன்னு என்கிட்ட இருக்கு. நூத்தி இருபத்திரண்டு கிராம்" என்று களிமண் உருண்டையை மேசைமேல் வைத்தார். பெரிய டீச்சர் அதைத் தொடவில்லை.

பத்தாம் நாள் காலை, பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் டாக்டர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியை வாங்கி என் பக்கத்து இருக்கையில் வைத்தேன். ஏறிய ஒவ்வொருவரும் எட்டிப் பார்த்தார்கள். ஹெல்மெட் தலையை வெளியே நீட்டி ஒரு கீரைத் தண்டை நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தது. சிலர் அந்தச் சத்தத்தைக் கேட்கவே மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வகுப்பில் எடை போட்டபோது ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்று. யாரும் தட்டவில்லை. "வாய்?" என்றார் டீச்சர். நான்கு பேர் குனிந்து பார்த்தார்கள். "மூடுது, தொறக்குது, கடிக்குது!" அதற்குப் பிறகுதான் அவர் எண்ணை எழுதினார்.

அன்று மதியம் எல்லோரையும் இறக்கிவிட்டுக் கடைசியாகப் பட்டாணியின் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவன் இறங்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு, காலியாக இருந்த என் பக்கத்து இருக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"என்ன ராஜா, வீடு வந்துடுச்சே?"

"மாமா, ஹெல்மெட் நிஜமாவே டாக்டர்கிட்டேர்ந்து வந்துடுச்சுல்ல?"

"காலையில நீதானே வகுப்புக்குத் தூக்கிட்டுப் போனே."

மெல்லக் கையைக் காதிலிருந்து எடுத்தான். காது மடல் சிவந்து வீங்கி, உள்ளே மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது.

"எனக்குக் காது வலிக்குது. ரொம்ப நாளா. அம்மாகிட்ட சொல்லல. சொன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவாங்கல்ல."

அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். அவன் அம்மா திறந்ததும், எத்தனை நாளாக வலிக்கிறது, ஏன் சொல்லவில்லை, அதற்கு யார் காரணம் என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். பிறகு இருவரையும் வேனில் ஏற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பினேன்.